எஃகா வெண்கலமா: ஏலத்தில் ஒரு பென்டன் வாங்கப் போகிறவருக்கு

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் இரண்டு படங்களை அனுப்பி, "இதில் எதைக் கேட்கலாம்?" என்றார். இரண்டும் ஃபிளெட்சர் பென்டன் செய்த சிற்பங்கள், அருவ வடிவங்கள். ஒன்று எஃகு, முழங்கால் உயரம், கறுப்பு. மற்றது வெண்கலம், அதைவிடச் சின்னது, தேன் கலந்த பழுப்பு. ஏலக்காரர்கள் போட்டிருந்த மதிப்பீடு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவர் கையில் இருப்பது பத்தாயிரம் டாலர், வண்டிக் கூலி வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். போனில் அரைமணி நேரம் பேசிவிட்டு வைத்த பிறகு, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று உறைத்தது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

பென்டன் 1931இல் ஒஹையோ மாநிலத்தின் ஜாக்சன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடைகளுக்கு போர்டு எழுதிச் சம்பாதித்தவர், இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1956இல் மயாமி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார் (ஃபுளோரிடா இல்லை, ஒஹையோவிலேயே அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது), சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார், முதலில் ஓவியம், அறுபதுகளில் மோட்டார் வைத்து மெதுவாக அசையும் சிற்பங்கள், எழுபதுகளின் பிற்பகுதியில் மோட்டார்களை மூட்டை கட்டிவிட்டு எஃகுக்கும் வெண்கலத்துக்கும் வந்தார். சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் 1986 வரை வாத்தியார். 2008இல் இன்டர்நேஷனல் ஸ்கல்ப்சர் சென்டர் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. 2019இல் 88 வயதில் இறந்தார்.

அந்த போர்டு எழுதிய கை கடைசிவரை அவரை விடவில்லை. 'மடித்த சதுர எழுத்துகள்' என்று ஒரு வரிசையே செய்திருக்கிறார். ஒரு சதுரத் தகடு, அதில் ஓர் ஆங்கில எழுத்தின் வடிவத்தை வெட்டி, வெட்டிய பாகங்களை மடித்துத் தூக்கி நிறுத்துகிறார். எழுத்தும் நிற்கிறது, அது பிறந்த சதுரமும் பக்கத்திலேயே நிற்கிறது. பள்ளியில் காகிதத்தை வெட்டி மடித்து விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடித்த வட்டங்கள் என்று இன்னொரு வரிசை. வட்டு, உருண்டை, வளையம், கம்பி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழப்போவது போல நின்றுகொண்டு, விழாமல் இருக்கும் வரிசை ஒன்றும் உண்டு. பார்க்கிறவன் கை தானாகவே தாங்கப் போகும். அடுத்த நொடிதான் எல்லாம் பற்றவைத்தது என்று புத்தி சொல்லும்.

சரி, ஏன் பென்டன்? இந்தப் பட்ஜெட்டில் பெரிய பெயர்கள் எட்டாது என்பதுதான் நேர்மையான பதில். மார்க் டி சுவேரோவின் மேசைச் சிற்பங்கள், ஒரு முனையில் ஊன்றி விரல் பட்டால் சுழல்கிறவை, எனக்கு உயிர். ஆனால் நியூயார்க் ஜூக்கோட்டி பார்க்கில் 70 அடி உயரத்துக்குச் சிவப்பாக நிற்கும் சிற்பத்தைச் செய்தவரின் சின்னத் துண்டுகூட நம் விலைக்கு இறங்கி வராது. ஜோயல் ஷபீரோவின் வெண்கலங்கள் ஐந்து இலக்கத்தில் தொடங்கி ஆறு இலக்கத்துக்குச் சாதாரணமாக ஏறும். பென்டனின் மேசை அளவுச் சிற்பங்கள் மட்டும் இன்னும் சில ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் வருகின்றன. இத்தனைக்கும் பொது இடங்களில் பெரிய சிற்பங்கள் நிற்கும் ஆள். என்னைக் கேட்டால், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் இருந்துவிட்டதுதான் அவர் செய்த ஒரே தப்பு. நியூயார்க்கில் பட்டறை போட்டிருந்தால் விலையில் ஒரு சைபர் கூடியிருக்கும்.

ஷபீரோவை ஒரு காரணத்துக்காகக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2025 ஜூனில்தான் இறந்தார். 1965 முதல் இரண்டு வருடம் அமெரிக்க அமைதிப் படை (பீஸ் கோர்) என்ற தன்னார்வத் தொண்டு அமைப்பில் சேர்ந்து ஆந்திரத்தில் இருந்தவர், சிற்பியாக வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அந்த இந்திய நாட்களைக் காரணமாகச் சொன்னவர். அவருடைய வெண்கலத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மரத்தின் ரேகை தெரியும், ரம்பம் போன தடம்கூடத் தெரியும், ஏனென்றால் மூல வடிவம் மரக்கட்டைகளைச் சேர்த்து ஆணி அடித்தது. அந்த மரத்தை அப்படியே ஒற்றைக்காலில் நிறுத்தினால் சாய்ந்துவிடும், வெண்கலமானபின் நிற்கிறது. வாஷிங்டனில் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்துக்கு வெளியே 1993 முதல் நிற்பது அவர் செய்ததுதான். வெண்கலம் அங்கே ஒரு வேலை செய்கிறது, வேறு எந்த உலோகத்தையும் கொண்டுவந்து அந்த இடத்தில் போட முடியாது.

பென்டனிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய யோசனை தகட்டில் பிறந்தது. வெட்டு, மடிப்பு, விளிம்பு, அவ்வளவுதான். எஃகில் அந்த விளிம்பு கத்தி மாதிரி நிற்கும், மடித்த இடத்தில் நிழல் கறுப்புக் கோடாக விழும். அதே வடிவம் வெண்கலத்தில் வரும்போது நிறம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பேட்டினாவின் (ரசாயனத்தால் உலோகத்தின் மேல் ஏற்றும் நிறம்) சூட்டில் மடிப்பு கொஞ்சம் இளகிவிட்டது போல எனக்குப் படும். வெண்கலம் என்றாலே ஒரு மரியாதை வந்துவிடுகிறது நமக்கு, கோயில் உலோகம் இல்லையா. அந்த மரியாதைக்காக மட்டும் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள்.

இனி எஃகின் குற்றப் பட்டியல், அது நீளம்.

முதலில் துரு. உள்ளே வைத்தாலும் சரி, ஈரம் தங்கும் இடம் என்று ஒன்று எல்லாச் சிற்பத்திலும் இருக்கும். மடிப்பின் உள்மூலை, அடித்தட்டின் கீழ்ப்பக்கம், வெல்டிங் வரி முழுதாக மூடாமல் விட்ட இடுக்கு, இந்த மூன்றையும் பாருங்கள். ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைக்கும் நாட்களில் நான் எடுத்துப் போவது மூன்று சாமான்: சின்ன டார்ச், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பூச்சின் அடியில் கொப்புளம் தெரியும். கைக்குட்டையை அடித்தட்டின் ஓரத்தில் மெதுவாக ஒற்றினால், தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கறை வந்தால், அடியில் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காந்தம் எதற்கென்றால், வெண்கலம் என்று எழுதியதில் அது 'டக்' என்று ஒட்டினால் நேரே வெளியே நடக்கலாம். இதையெல்லாம் அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பெரும்பாலும் அவர்களே தூக்கிச் சாய்த்துக் காட்டுவார்கள்.

அடுத்தது மேல்பூச்சு. யாராவது திரும்பப் பெயின்ட் அடித்தார்களா? இதை ஏதோ நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க எஃகுச் சிற்பி டேவிட் ஸ்மித் 1965இல் இறந்தபின் அவருடைய சிற்பங்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க். வெள்ளைப் பூச்சுடன் இருந்த சில எஃகுச் சிற்பங்களின் பெயின்ட் அவர் பொறுப்பில் இருந்தபோது உரிக்கப்பட்டது. 1974இல் கலை விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் இதை வெளியே கொண்டுவந்து எழுதினார், பெரிய ரகளை. சிற்பியையும் அவர் கலையையும் அவ்வளவு தெரிந்த மனிதரே அப்படிச் செய்ய விட்டார் என்றால், ஒரு வீட்டுத் தோட்டத்தில் முப்பது வருடம் நின்ற சின்ன எஃகுச் சிற்பத்துக்கு அந்த வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ப்ரே டப்பாவோடு என்ன செய்திருப்பார் என்று யார் கண்டது.

இதில் நானே சூடுபட்டவன். சில வருடங்களுக்கு முன் வேறொரு சிற்பியின் எஃகுத் துண்டு ஒன்றை, நேரில் பார்க்காமல், படத்தை மட்டும் நம்பி எடுத்தேன். கண்டிஷன் ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற தேய்மானம்' என்ற ஒரே வரி. பெட்டியைத் திறந்தால், மூன்று பக்கம் பழைய மங்கல் கறுப்பு, நாலாவது பக்கம் பளபளக்கும் கறுப்பு, அந்தப் பளபளப்பில் பிரஷ்ஷின் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்டதற்கு, விற்பனை விதிகளைப் படியுங்கள், உள்ளது உள்ளபடிதான் விற்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான், அந்த விதிகள் எல்லா ஏலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மயிரை நான் இன்னும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் 'வயதுக்கேற்ற' என்ற சொல்லைக் கண்டாலே எல்லாப் பக்கமும் படம் அனுப்பச் சொல்லி மெயில் போட்டுவிடுவேன், அடிப்பக்கம் உட்பட.

வெண்கலம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அமெரிக்க வார்ப்படச் சாலைகளில் பெரும்பாலும் சிலிக்கான் வெண்கலம்தான் ஊற்றுகிறார்கள், 95 சதவீதத்தை ஒட்டிச் செம்பு, 4 சதவீதம் போலச் சிலிக்கான், கொஞ்சம் மாங்கனீசு. நம் பாட்டி வீட்டு வெண்கலப் பானையில் இருந்த வெள்ளீயம் இதில் பேருக்குக்கூடக் கிடையாது. மேலே தெரியும் நிறம் ரசாயனமும் சூடும் சேர்ந்து வந்தது. சுடரால் உலோகத்தைச் சுட வைத்து, ஃபெரிக் நைட்ரேட் தெளித்தால் பழுப்பும் சிவப்பும், செம்பு நைட்ரேட் தெளித்தால் பச்சையும் நீலமும், கந்தகக் கரைசலில் கறுப்பு. கடைசியில் மெழுகு. வெளியில் வைத்தால் வருடத்துக்கு ஒரு தடவை கழுவி மெழுகு பூசினால் போதும். விட்டுவிட்டால் களிம்பு ஏறும், நிறம் கோடு கோடாக ஒழுகும், ஆனால் எஃகு மாதிரி உள்ளேயிருந்து தின்னாது. தேர்ந்த ஒருவர் பேட்டினாவைத் திரும்பக் கொண்டுவரவும் முடியும், செலவுதான்.

நண்பருக்கு இதுதான் முக்கியமான முடிச்சு, ஏனென்றால் அவர் வீட்டு மொட்டை மாடி வளைகுடாவைப் பார்த்தது. உப்புக் காற்று, கோடைக்காலக் காலைகளில் மூடுபனி. துருப்பிடித்த மாதிரியே இருக்கட்டும் என்று விடுகிற கோர்-டென் எஃகுகூட இந்த இடத்துக்கு ஒத்துவராது. அந்த எஃகின் சூட்சுமமே நனைந்து, முழுதாகக் காய்ந்து, மறுபடி நனைவதில்தான் இருக்கிறது. அப்போதுதான் மேலே வரும் துரு இறுகி உள்ளே இருப்பதைக் காக்கும். உப்பு படிந்தால், அல்லது ஒரு மூலையில் தண்ணீர் தேங்கினால், துரு இறுகாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழே தளத்திலும் ஆரஞ்சுக் கறை ஓடும். ஆகவே மாடியில் என்றால் வெண்கலம், இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம். வரவேற்பறை என்றால் நான் எஃகு பக்கம்.

வெண்கலம் எடுக்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது எத்தனையில் ஒன்று? சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார். அப்புறம் அந்த மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அந்த அச்சு அதோடு சரி, ஒவ்வொன்றும் தனி. இங்கே மூல வடிவத்திலிருந்து ரப்பர் அச்சு எடுத்துவிடுகிறார்கள், அதிலிருந்து எத்தனை மெழுகு வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆகவே எத்தனை என்று சிற்பியே வரம்பு போட வேண்டும். அடிப்பக்கத்தில் 3/8 என்று செதுக்கியிருந்தால் எட்டில் மூன்றாவது. அதற்கு மேல் சிற்பியின் சொந்தப் பிரதி என்று ஒன்றிரண்டு இருக்கும். எண் இல்லை, வார்ப்படச் சாலையின் முத்திரையும் இல்லை என்றால் காரணம் கேளுங்கள். தகட்டை வெட்டிச் சேர்த்துச் செய்த ஒற்றைப் படைப்பாக இருந்தால் எண் இல்லாமல் இருப்பது இயல்பு, ஏலப் பட்டியலில் (கேட்டலாகில்) அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். வார்த்த வருடம் சிற்பி உயிரோடிருந்த வருடமா என்பதையும் சேர்த்தே கேட்கலாம். எட்டுப் பிரதியில் ஒன்றுக்கும், உலகில் ஒன்றே ஒன்று என்கிற எஃகுக்கும் ஒரே மதிப்பீடு போட்டிருந்தால், உலோகத்தின் பெயரை மறந்துவிட்டு அந்த ஒற்றையை யோசிக்க வேண்டும்.

எடை. இதை யாரும் யோசிப்பதே இல்லை. கால் அங்குல எஃகுத் தகடு ஒரு சதுர அடிக்குப் பத்து பவுண்டுக்கு மேல், அரை அங்குலம் என்றால் இருபதைத் தாண்டும். முழங்கால் உயரச் சிற்பம் சுலபமாக ஐம்பது அறுபது பவுண்டு இருக்கும், அதைக் கண்ணாடி மேசையில் வைக்க முடியாது. சாதாரண அஞ்சலில் அனுப்பவும் முடியாது, மரப்பெட்டி அடிக்க வேண்டும். வெண்கலம் கனசென்டிமீட்டர் கணக்கில் எஃகைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் வார்ப்பு உள்ளே பொள்ளல் என்பதால் தூக்கும்போது பல சமயம் ஏமாற்றும். பிறகு, நண்பர் வீட்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். தாழ்வான மேசையில் வைத்தால் மடித்த எஃகின் மூலை சரியாக அவன் நெற்றி உயரத்தில் வரும். கலை விமர்சனத்தில் இதற்கு இடமில்லை, வீட்டில் இருக்கிறது. எஃகு என்றால் இடுப்புயர மேடை, அந்த மேடையோடு சேர்த்துத் திருகி இறுக்க வேண்டும்.

இப்போது காசு. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை இல்லை. மேலே பிரீமியம் என்று ஏல நிறுவனத்தின் பங்கு ஒன்று வரும், கேட்டலாகில் போட்டிருக்கும் மதிப்பீட்டில் அது சேராது. சதபீஸ் என்ற பெரிய ஏல நிறுவனம் 2024இல் அதை 20 சதவீதமாகக் குறைத்துப் பார்த்துவிட்டு, 2025 பிப்ரவரியில் இருபது லட்சம் டாலர் வரைக்கும் 27 சதவீதம் என்று ஏற்றிவிட்டது. நம் மாதிரி ஆட்கள் வாங்கும் பிராந்திய ஏலங்களிலும் ஏறக்குறைய இந்தச் சுற்றுதான். அவர்களுடைய சொந்தத் தளத்தில் இல்லாமல் இடைத்தரகு தளம் வழியாகக் கேட்டால் இன்னும் சில சதவீதம் கூடும். அதன்மேல் விற்பனை வரி, பிரீமியத்துக்கும் சேர்த்தே.

நண்பரின் பத்தாயிரத்தைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தோம். பெட்டியும் வண்டியும் ஆயிரம் என்று ஒதுக்கி, வரி 10 சதவீதம், பிரீமியம் 26 என்று வைத்தால், கேட்கக் கூடிய உச்சம் 6,500 டாலர். 6,500 பிரீமியத்தோடு 8,190, வரியோடு 9,009, வண்டியோடு பத்தாயிரத்து ஒன்பது. அந்த ஒன்பது டாலரை மன்னித்துவிடலாம். ஆனால் ஏல நேரத்தில் எதிராளி 6,500 என்றதும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை போகும் பாருங்கள், 7,000 என்று அமுக்கினால் கையில் இருந்து போவது ஐந்நூறு இல்லை, ஏறக்குறைய எழுநூறு. எண்ணை ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிடச் சொன்னேன். ஒட்டினாரா தெரியாது.

கேலரியில் வாங்கினால் என்ன என்று கேட்டார். வாங்கலாம். அங்கே கேள்விக்குப் பதில் கிடைக்கும், தவணைகூடக் கிடைக்கும், பின்னாளில் ஏதாவது ஆனால் போய் நிற்க ஓர் ஆள் இருப்பார். ஆனால் பென்டன் மாதிரி நடுத்தட்டுச் சிற்பிக்கு கேலரி விலைக்கும் ஏல விலைக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்த பணம் திரும்ப விற்கும்போது எழுந்து வராது. லாஸ் ஏஞ்சலஸ் மாடர்ன் ஆக்ஷன்ஸ், சிகாகோவின் ரைட் போன்ற ஏல நிறுவனங்களில் பொறுமையாக ஒரு வருடம் பார்த்தால் இவர் பெயர் எப்படியும் கண்ணில் படும்.

வேறு வழிகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பென்டனின் பழைய அசையும் சிற்பங்கள் அழகு, அறுபதுகளின் வாசனையோடு அக்ரிலிக்கும் அலுமினியமும், ஆனால் அறுபது வயது மோட்டார் நின்றால் அதற்கு மெக்கானிக் தேடி அலைவது யார்? எனக்கு வேண்டாம். வெண்கலம்தான் மனசு என்றால் ஓக்லாந்துக்காரரான ப்ரூஸ் பீஸ்லியைப் பார்க்கச் சொல்வேன். 1939இல் பிறந்தவர், இருபதுகளின் தொடக்கத்திலேயே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வாங்கிய சிற்பி. எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டரில் கனசதுரங்களை ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவ விட்டு, அந்த வடிவங்களை வெண்கலத்தில் எடுத்தார். அவரிடம் பேட்டினா வெறும் அலங்காரம் இல்லை, ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் மாறுவதற்கு அதுதான் காரணம். ஷபீரோவுக்குச் சொன்ன அதே நியாயம்தான்: வெண்கலம் அங்கே தன் கூலிக்கு உழைக்கிறது. சின்னது ஏதாவது பத்தாயிரத்துக்குள் வந்தால், அந்த மாடிக்கு பென்டனின் வெண்கலத்தைவிட இதையே எடுப்பேன்.

ஆக நண்பரிடம் கடைசியாகச் சொன்னது: மாடி ஆசையை இப்போதைக்கு விடுங்கள், அந்தக் கறுப்பு எஃகைக் கேளுங்கள், ஆனால் நேரில் பார்த்து, அடிப்பக்கம் சுத்தமாக இருந்து, பூச்சு பழையதாக இருந்தால் மட்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் 4,000க்கு மேல் போக வேண்டாம், திரும்பப் பூசியது உறுதியானால் தொடவே வேண்டாம். வெண்கலத்தில் எண் இருக்கிறதா என்று மெயிலில் கேட்டிருக்கிறார், ஒற்றைப் படைப்பு என்று பதில் வந்தால் நான் இன்னொரு தடவை யோசிப்பேன்.

பார்வை நாள் வருகிற வியாழன். காந்தத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். மேடை அடிக்கிற தச்சரிடம் விலை கேட்டாகிவிட்டது, வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் படத்தைக் காட்டவில்லையாம்.